மக்காத நூல்

விஜயராணி தைத்ததைப் பிரிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திருப்பூர் நல்லூரில் நாங்கள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அவள் ஓவர்லாக் டெய்லர், நான் செக்கிங். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பது என் வேலை. தையல் வாயைப் பிளந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். அவள் பீஸ் ஒரு நாளும் வாயைப் பிளந்ததில்லை. எப்போதாவது அளவு மாறி ஒன்றைப் பிரிக்க வேண்டி வந்தால், "இத்தனை கெட்டியா எதுக்குத் தைக்கறே? நாளைக்கு நீயும் நானுமா போட்டுக்கப் போறோம்?" என்று திட்டுவேன். அவள் சிரிக்க மாட்டாள். "பிரிஞ்சு போற தையல் என்ன தையல்க்கா" என்பாள். அந்தப் பேச்சே அவளை ஒரு நாள் திருப்பி அடித்தது.

என் பெயர் கீதாஞ்சலி. வேலம்பாளையத்துக்காரி. பஞ்சுத் தூசியைத் தின்றே வளர்ந்தவள். போன வருஷம் வரைக்கும் கடலைப் பார்த்ததில்லை, பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை.

விஜயராணிக்கு ராமநாதபுரம் பக்கம் கடற்கரையில் பாலைமுனை என்கிற ஊர். கல்யாணமான கையோடு புருஷனும் அவளும் திருப்பூர் வந்துவிட்டார்கள். வந்த புதிதில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "ஏன் கண்ணு, கடலை விட்டுப்போட்டு இந்தப் பஞ்சுக்குள்ள வந்து விழுந்தே?" என்று கேட்டேன். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "புல்லு போச்சு. புல்லு பின்னாடியே மீனு போச்சு. மீனு பின்னாடியே நாங்க பஸ் ஏறிட்டோம்."

கடலில் ஏது புல்? "பாசியைச் சொல்றியா?" என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். பாசிக்கு வேர் கிடையாதாம். இது மண்ணுக்குள் வேர் ஓடி, தண்ணீருக்கு அடியிலேயே பூத்துக் காய்க்கிற அசல் புல்லாம். அவர்கள் ஊரில் தாழை என்பார்களாம். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முழங்கால் தண்ணீரில் நடந்தால் காலெல்லாம் புல் தடவுமாம். இறால் குஞ்சும் நண்டும் ஓரா மீனும் கணவாயும் அதற்குள்தான் ஒளிந்து வளருமாம். புல் இருக்கிற இடத்தில் சேறு அடங்கித் தண்ணீர் தெளிந்து நிற்குமாம். அடிமண்ணைப் புல் பிடித்துக்கொள்வதால் அலை கரையை அவ்வளவாக அரிக்காதாம். ஆவுளியா என்று ஒன்று, நாம் கடல்பசு என்கிறோமே அது, மாடு மேய்கிற மாதிரி அந்தப் புல்லை வேரோடு மேயுமாம். "எங்கப்பா ஆவுளியாவைப் பாத்தா துடுப்பைத் தூக்கி வச்சுட்டுச் சும்மா இருப்பாக. அது போற வரைக்கும் எங்களை வாயத் தொறக்க விடமாட்டாக" என்றாள்.

அப்புறம் இழுவை மடி வந்திருக்கிறது. கனமான வலையை விசைப்படகில் கட்டி அடிமண்ணோடு அரித்து இழுத்துக்கொண்டு போவதுதான் இழுவை மடி. மீனோடு புல்லும் வேரும் சேர்ந்து வந்துவிடும். கரையோரம் அப்படி இழுக்கக் கூடாது என்று விதி இருக்கத்தான் இருக்கிறது. கடலுக்குள் இறங்கி வந்து யார் பார்க்கிறார்கள்? பிடுங்கிய புல் சுருள் சுருளாகக் கரையில் ஒதுங்கி அழுகிக் கிடக்குமாம். இரண்டு மூன்று வருஷத்தில் ஊருக்கு எதிரே கடலுக்குள் இருந்த புல் திட்டு மொட்டையாகிவிட்டது. அவள் அண்ணன் ஆரோக்கியராஜ் மட்டும் வள்ளத்தை வைத்துக்கொண்டு ஊரிலேயே இருந்தார். மற்ற வீடுகளில் பாதி இங்கே நல்லூரிலும் அனுப்பர்பாளையத்திலும் லைன் வீடுகளில் இருக்கின்றன.

போன வருஷத் தொடக்கத்தில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அபிராமி என்று ஒரு பெண், கடல் புல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், ஊருக்கு வந்திருக்கிறார். நல்ல புல் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நாற்று எடுத்து, மூங்கில் தட்டியில் கட்டி, மொட்டைத் திட்டில் இறக்கினால் மறுபடி பிடித்துக்கொள்ளும் என்கிறார். ஆனால் நட்ட இடத்தில் மடி இழுத்தால் ஒன்றும் நிற்காது. அதற்காக ஆரோக்கியராஜ் ஊர்க்கூட்டம் கூட்டிப் பேசியிருக்கிறார். விசைப்படகுக்காரர்களின் தலைவர் பாண்டித்துரை கடைசியில் ஒரு சொல் கொடுத்தார்: விசைப்படகுகள் கடலுக்குப் போகாத கோடைத் தடைக்காலம் முடிவதற்குள் எவ்வளவு இடத்தில் தட்டி இறங்குகிறதோ, அவ்வளவு இடத்தில் இனி யாரும் மடி இழுக்க மாட்டார்கள். இறங்காத இடம் படகுகளுக்கு. திட்டு முழுக்க இறக்கிக் காட்டுகிறேன் என்று ஆரோக்கியராஜ் கோயில் வாசலில் நின்று சொல்லிவிட்டார்.

அதில் விஜயராணிக்கு என்ன வேலை என்றால், பை. முன்னால் வேறு எங்கோ நாற்றைப் பிளாஸ்டிக் வாரால் கட்டி நட்டிருக்கிறார்கள். புல் பிடித்ததோ இல்லையோ, பிளாஸ்டிக் கடலிலேயே தங்கிவிட்டது. அதனால் வேரையும் ஒரு பிடி மண்ணையும் சேர்த்து வைக்க உள்ளங்கை அகலத்தில் துணிப்பை வேண்டும் என்றார் அபிராமி. வேர் பிடிக்கும் வரை தாங்க வேண்டும், பிடித்த பிறகு மக்கிவிட வேண்டும். சாயம் போடாத, வெளுக்காத பருத்தித் துணியாக இருக்க வேண்டும். "என் தங்கச்சி திருப்பூர்ல பனியன் தைக்கிறா" என்று ஆரோக்கியராஜ் சொல்லிவிட்டார். அந்த ஊருக்கு வேறு என்ன பெருமை வேண்டும்?

எங்கள் முதலாளி மோகன்ராஜிடம் போய்க் கேட்டோம். ஓட்டை விழுந்து ஒதுக்கிய துணி ஒரு ரோல் சும்மா கிடந்தது. "எடுத்துக்குங்க. நூறு சதம் காட்டனுங்க, நம்மகிட்ட ஏமாத்து வேலையே கெடையாது" என்று நெஞ்சைத் தட்டினார். வேலை முடிந்த பிறகு மெஷினையும் விட்டுக் கொடுத்தார். விஜயராணி தைத்தாள், நான் இழுத்துப் பார்த்தேன். கடலில் அலை இழுக்குமே என்று பையின் வாயில் இன்னொரு தையல் போட்டாள். எக்ஸ்போர்ட் பீஸுக்குக்கூட அவள் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. முதல் பையை மட்டும், அபிராமி சொன்னபடி, மக்குகிறதா என்று பார்க்க, ஒரு பெயின்ட் வாளியில் குளத்துச் சேறும் கல்லுப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றிப் புதைத்து, லைன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தாள். வைத்ததோடு இரண்டு பேரும் அதை மறந்தோம். பைகள் மூட்டையாகி லாரி பார்சலில் பாலைமுனைக்குப் போய்ச் சேர்ந்தன.

அங்கே அனுமதி கிடைக்கத் தாமதம், மூங்கில் வரத் தாமதம். தடைக்காலம் முடிய ஒரு வாரம்கூட இல்லை என்கிற நிலையில்தான் எல்லாம் கூடி வந்தது. திங்கட்கிழமை காலையில் முதல் தட்டியைக் கடலில் இறக்குவதாக இருந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. நான் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தொட்டியைக் கழுவலாம் என்று இறங்கினோம். வாளி காலில் தட்டியது.

"அட, நம்ம பை" என்று சிரித்துக்கொண்டே கவிழ்த்தாள். துணி ஊறிய அப்பளம் மாதிரி விரலில் கரைந்து போனது. "பாருங்கக்கா, எப்படி மக்கிருக்கு" என்று சேற்றைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கழுவக் கழுவ அவள் கையில் ஒன்று மிச்சம் நின்றது. நூல். பையின் ஓரம் சுற்றிப் போட்ட ஓவர்லாக் தையல் ஒரு கண்ணி விடாமல், பையின் அளவிலேயே, வெள்ளை வெளேரென்று நின்றது. இழுத்துப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் நானும் இழுத்துப் பார்த்தேன். அறுந்து வரவில்லை.

இந்த ஊரில் காட்டன் பனியன் என்றால் துணிதான் காட்டன். தைக்கிற நூல் பாலியஸ்டர், அதுவும் ஒரு பிளாஸ்டிக்தான். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு பொருட்டாக யாரும் நினைப்பதில்லை. பொத்தானைப் பற்றிக்கூட யோசிப்போம், நூலை யோசிக்க மாட்டோம். மோகன்ராஜ் யோசிக்கவில்லை, நான் யோசிக்கவில்லை, வாழ்க்கை பூராவும் நூலோடு கிடக்கிற அவளும் யோசிக்கவில்லை.

"வலைக்கா" என்றாள் விஜயராணி. "கடலுக்குச் சின்னச் சின்ன வலையாத் தச்சு அனுப்பிருக்கேன்."

அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது. பின்னால் ஒரே ஆள் சத்தம். "ஃபாதர் காலையில மந்திரிக்க வாராக. மூங்கிலெல்லாம் கரையில அடுக்கியாச்சு. என்ன புள்ள?" என்றார்.

சொன்னாள். பின்னாலிருந்த ஆள் சத்தம் குறைந்தது. அவர் ஆட்களை விட்டுத் தள்ளி வந்திருக்க வேண்டும். குரல் தணிந்தது.

"நூலுதான? கடலுக்கு அடியில நூலை யாரு பாக்கப் போறா?"

"ஆவுளியா பாக்காதுண்ணே. அப்படியே முழுங்கிடும்."

"ஆவுளியாவே அத்தி பூத்தாப்புல வருது. நீ வேற."

"புல்லு வந்தா அதுவும் வரும். அதுக்குத்தான நடுறீங்க? ஆமையும் அதைத்தான் திங்கும். வேரு பெருத்தா நூலு அதையும் நெரிக்கும்ணே."

"இப்ப நிறுத்துனா பாண்டித்துரை என்ன சொல்லுவான்? தடைக்காலம் முடிஞ்சதும் மடியைப் போட்டு வழிச்சிருவாங்க. ஊருக்கு முன்னாடி நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க? என்னைய நம்பித்தான் அவங்க ஒத்துக்கிட்டாக." கடைசியாக, "இதை யாருகிட்டயும் சொல்லாத" என்று போனை வைத்துவிட்டார். மறுபடி போட்டாள், எடுக்கவில்லை.

அவள் அபிராமியின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே வாசப்படியில் உட்கார்ந்தாள். சொன்னால் அபிராமி நிறுத்திவிடுவார். கூடப் பிறந்தவனை ஊர் நடுவில் தலைகுனிய வைத்தவள் என்று காலத்துக்கும் பேர் நிற்கும். திட்டும் போகும். சொல்லாவிட்டால் திட்டு தப்பிக்கும். நூல் கிடந்துவிட்டுப் போகட்டும், மடி இழுப்பதைவிடவா கெடுதல் என்று எனக்கே தோன்றியது. வாய்விட்டும் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வைக்கு நான் வாயை மூடிக்கொண்டேன்.

"எங்கண்ணன் கையால அதைக் கடல்ல போட வைக்க மாட்டேன்கா" என்றாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

அபிராமி பொறுமையாகக் கேட்டார். "நூலைப் பத்தி நான் கேக்கவே இல்லை. தப்பு எனக்கும் உண்டு" என்றார். "பை ஒண்ணுகூட இறங்காது. ஆனா நாத்து இல்லாம வெறும் தட்டியை இறக்கி இடம் பிடிக்க நான் விட மாட்டேன். அது படகுக்காரங்களுக்குச் செய்யற துரோகம். வேற வழி இருந்தா உடனே சொல்லுங்க."

மோகன்ராஜ் வீட்டுக்கு ஓடினோம். விஷயத்தைக் கேட்டு அந்த மனுஷன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "காட்டனு காட்டனுன்னு நெஞ்சத் தட்டினேனுங்களே" என்றார். பருத்தியில் தைக்கிற நூல் வேண்டும் என்று யார் யாருக்கோ போன் அடித்தார். இன்றைக்குச் சொன்னால் அடுத்த வாரம் வரும் என்றார்கள். பனியன் நகரம் என்று பேர், ஒரு கட்டை காட்டன் தையல் நூலுக்கு வழியில்லை. அவர் கம்பெனியைத் திறந்துவிட, துணி பின்னுகிற பருத்தி நூலையே ஊசியில் கோத்துப் பார்த்தாள். மெஷின் வேகத்துக்கு அது பட் பட்டென்று அறுந்தது. திரும்பக் கோத்தாள், திரும்ப அறுந்தது. கடைசியில் மெஷினை ஓங்கி ஒரு அறை அறைந்துவிட்டு எழுந்தாள். அவள் மெஷினை அடித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எழுந்தவள் கட்டிங் மேஜையைப் பார்த்து நின்றாள். அங்கே வெட்டிய பீஸ்களைக் கட்டுக் கட்டாக வைத்திருப்போம். ஒவ்வொரு கட்டையும் அதே துணியில் கிழித்த ஒரு வாரால்தான் கட்டுவோம். பனியன் துணியை வாராகக் கிழித்து இழுத்தால் தானாகச் சுருண்டு கயிறாகிவிடும். நாள் பூராவும் அவிழ்த்து அவிழ்த்துக் காலடியில் போடுகிற வார் அது.

"தைக்க வேண்டாம்கா" என்றாள். "வேரைத் துணியில சுத்தி, பண்டல் கட்டுற மாதிரி கட்டிரலாம்."

போனில் கேட்டதும் அபிராமியும் சரி என்றார். மிச்சத் துணியை மோகன்ராஜும் சேர்ந்து வெட்டினார். விடிந்ததும் மூட்டையோடு பஸ் ஏறி, மதுரையில் மாறி, பாலைமுனை போய் இறங்கினோம். ஆரோக்கியராஜ் தங்கையை வா என்று சொல்லவில்லை. எனக்கு மட்டும், "வாங்க" என்றார். அபிராமி வேலையை நிறுத்தச் சொன்னதற்குக் காரணத்தை ஊர்க்கூட்டத்தில் அவரே எழுந்து சொல்லியிருக்கிறார். யாரோ சிரித்திருக்கிறார்கள். பாண்டித்துரை சிரித்தவனை அதட்டிவிட்டு, "ஆனா கெடுவைத் தள்ளிப்போட முடியாது. சொன்னது சொன்னபடி" என்று முடித்துவிட்டாராம்.

கடலை முதன்முதலில் அப்படித்தான் பார்த்தேன். அழகா இல்லையா என்று பார்க்க நேரமில்லை. நாற்று வெயிலில் காய்ந்தால் செத்துவிடும் என்பதால் கரையில் வைத்துக் கட்ட முடியாது. பெண்கள் எல்லாரும் தண்ணீருக்குள்ளேயே உட்கார்ந்தோம். அபிராமியின் ஆட்கள் நாற்றெடுத்துக் கொண்டுவரக் கொண்டுவர, வேரைத் துணியில் சுற்றி, வாரை இழுத்துத் தட்டியில் முடிந்தோம். உப்பில் விரல் வெடித்து எரிந்தது. தையல் மெஷினில் இமைக்கும் நேரத்தில் முடிகிற வேலை கையில் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கட்டிய தட்டிகளை ஆரோக்கியராஜ் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய் மூழ்கி மூழ்கி இறக்கினார். தங்கையின் கையிலிருந்து தட்டியை வாங்குவார். முகத்தைப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு நாளும் இருட்டும்வரை கட்டினோம். விஜயராணி சோறு திங்கக்கூட எழுந்திருக்க மறுத்தாள். ஊட்டிவிட்டேன்.

தடைக்காலம் முடிந்தபோது திட்டில் பாதிதான் இறங்கியிருந்தது.

தட்டி இறங்கிய இடத்தின் ஓரத்தில் பாண்டித்துரையே வந்து நின்று மிதவை கட்ட வைத்தார். சொன்ன சொல்லுக்கு ஒரு அடி குறைக்கவில்லை, ஒரு அடி கூட்டவும் இல்லை. மறுநாள் காலையில் படகுகள் கிளம்பின. மிதவைக்கு அந்தப் பக்கம் மடியை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்துத் தண்ணீர் காப்பி நிறத்துக்குக் கலங்கியது. கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியராஜ் அப்போதுதான் தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

"உன் நூலுக்குப் பாதிக் கடல் போச்சு புள்ள" என்றார்.

அவர் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. திருப்பூர் வந்து அவள் போட்ட எந்தப் போனையும் எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகவில்லை அவள். அந்த மாதங்களில் விஜயராணியைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது, பாவமாகவும் இருந்தது. பக்கத்தில் வடநாட்டுப் பையன்கள் பாட்டுப் போட்டால் தலையாட்டுகிறவள், உம்மென்று குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். நூல் கட்டையை மாற்றும்போது ஒரு நொடி அதையே பார்ப்பாள். "நல்லதைத்தானே செஞ்சே" என்று ஒரு நாள் சொன்னேன். "நல்லதுன்னா ஏன்க்கா இப்படி வலிக்குது?" என்றாள். போய் என் மேஜையில் உட்கார்ந்துகொண்டேன்.

மழையும் வாடைக்காற்றும் ஓய்ந்து, பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம், மெஷின் மேல் வைத்திருந்த அவள் போன் துடித்தது. அண்ணன். அவள் எடுக்கப் பயந்தாள். நான்தான் ஸ்பீக்கரை அழுத்தி அவள் முன்னால் வைத்தேன். மோகன்ராஜ் அந்தப் பக்கம் வந்தவர் நிலைமையைப் புரிந்துகொண்டு பக்கத்து மெஷின்களை நிறுத்தச் சொன்னார்.

"தண்ணி தெளிஞ்சிருச்சு. நேத்து முங்கிப் பாத்தேன்" என்றார் ஆரோக்கியராஜ். முன்னுரையெல்லாம் இல்லை, நேற்றுப் பேசி விட்டதைத் தொடர்கிற மாதிரிப் பேசினார்.

"சொல்லுங்கண்ணே" என்றாள்.

"உங்க துணி ஒண்ணுமில்ல. வாரும் இல்ல. தட்டியே நைஞ்சு போச்சு. மண்ணைக் கிளறித் தேடிப் பாத்துட்டேன், ஒரு இழை கெடையாது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "புல்லுண்ணே?"

"நிக்குது. வாடையிலயும் போகல. தட்டியத் தாண்டி வெளிய ஓடிருக்கு. ரெண்டு இடத்துல பிடிச்சு இழுத்துப் பாத்தேன். வரல."

நான் செக்கிங்காரி. வாயைக் கட்ட முடியவில்லை. "அப்ப பாஸுங்க" என்றேன். அவர் சிரித்த சத்தம் கேட்டது. அந்தக் கடலில் நாங்கள் செய்த வேலையின் ஒரு தடயம்கூட மிச்சமில்லை. அதைக் கேட்டு விஜயராணி தேம்பித் தேம்பி அழுதாள்.

"அழுவாத புள்ள" என்றார் அவர். "பாண்டித்துரையும் கூட முங்கிப் பாத்தான். அடுத்த தடைக்காலத்துலயும் அதே பேச்சுதானாம். இறங்குற இடம் நமக்கு. மிச்சப் பாதிக்கு இப்பவே துணிய வெட்டி வையி."

போனை வைத்தபிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மோகன்ராஜ், "எந்த ரோல் வேணுமோ எடுத்துக்குங்க" என்றார். நின்ற மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. அவள் கத்திரியை எடுத்துக்கொண்டு கட்டிங் மேஜைக்குப் போய், வெளுக்காத துணியில் முதல் வாரைக் கிழித்தாள்.